நோகாத புண்

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குப் புத்தகங்களைப் பார்வையிடுவது என் உத்தியோகம். சில ஆண்டுகளுக்கு முன் நெசவாளர் சங்கம் ஒன்றில் கூலிப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அங்கத்தினர் ஒருவருடைய பக்கம் என் கருத்தை ஈர்த்தது. மாதம் எட்டுச் சேலை நெய்து கொடுத்து வந்தவர், நான்கே மாதங்களில் ஏழு, ஆறு, ஐந்து என இறங்கியிருந்தார். துணியில் கண்ட குறைகளுக்காகக் கூலியில் பிடித்த தொகையும் மாதந்தோறும் ஏறியிருந்தது. கடன் தவணையும் நின்றுபோயிருந்தது. காரணம் யாதெனச் சங்கக் காரியதரிசியை வினவினேன். "முன்பெல்லாம் நல்ல கைக்காரர், ஐயா. இப்போது மனம் தறியில் இல்லை" என்றார் அவர். நானும் அதனை ஏற்று, "ஊக்கக் குறைவு, எச்சரிக்கைக் கடிதம் அனுப்புக" என்று குறிப்பெழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குச் சென்றேன்.

ஏழு மாதம் கழித்து அதே ஊருக்கு மறுபடியும் செல்ல நேர்ந்தது. இம்முறை அந்த அங்கத்தினரை அவருடைய தறியண்டையிலேயே கண்டேன். தேநீர் வந்தது. கண்ணாடித் தம்ளரின் சூடு தாங்காமல் நான் அதைக் கைக்குட்டையால் சுற்றிப் பிடித்தேன். அவரோ வெறுங்கையால் வாங்கி நிதானமாகப் பருகினார். "அண்ணனுக்குக் கை இரும்பு" என்று பக்கத்துத் தறிக்காரர் சிரித்தார். அப்பொழுதுதான் அவருடைய வலக்கையைக் கவனித்தேன். சுண்டுவிரலும் மோதிரவிரலும் கொக்கிபோல் மடங்கியிருந்தன. சுண்டுவிரலின் ஓரத்தில் ஒரு பழைய கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது. அது எப்போது ஏற்பட்டது என்று கேட்டேன், அவருக்கே தெரியவில்லை. "விரல் மரத்துத்தான் போயிற்று. ஆனால் நோவே இல்லையே ஐயா, நோவில்லாததற்கு வைத்தியரிடம் எதற்குப் போவது என்று இருந்துவிட்டேன்" என்றார்.

அவர் அன்று சொன்ன அந்த வாக்கியமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. நோவு இருந்தால் நோய்; நோவு இல்லையேல் நலம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நரம்புகளைப் பொறுத்த மட்டில் இவ்வெண்ணம் பெரும்பிழையாகும். அப்பிழை எவ்வாறு நேர்கிறது என்பதை அறிய, முதலில் நரம்பின் இயல்பை அறிய வேண்டும்.

நரம்பு எது?

நரம்பு என்னும் சொல் தமிழில் பல பொருள்களைச் சுமந்து நிற்கிறது. பழந்தமிழர் யாழின் தந்தியை நரம்பு என்றனர். இலையில் ஓடும் கோடுகளையும் நரம்பு என்கிறோம். புறங்கையில் நீலமாகப் புடைத்துத் தெரிவதை நரம்பு என்று சொல்வது வழக்கமாயினும், அது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரையே. குதிகாலுக்கு மேலே கயிறுபோல் விறைத்து நிற்பதும் நரம்பன்று. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் அது. உடற்சோர்வு, மனக்கவலை, தூக்கமின்மை ஆகிய யாவற்றையும் 'நரம்புத் தளர்ச்சி' என்ற ஒரே பெயரில் அடக்கி, அதற்கு மருந்து விற்போரும் உண்டு. அவர்கள் பேசும் நரம்பும் நாம் இங்கே கூறும் நரம்பும் வேறு.

மெய்யான நரம்பு, வெண்ணிறமான இழைகளின் கற்றை. அது பெரும்பாலும் தசைகளுக்கிடையே ஆழத்தில் கிடப்பதால் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆயினும் சில இடங்களில் எலும்பை ஒட்டித் தோலுக்கு மிக அருகில் வருகிறது. முழங்கையை எங்கேனும் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரையில் சுரீரென்று மின்னல் பாய்வதுபோல் தோன்றுகிறதல்லவா? முழங்கையின் உட்புற எலும்புக்குப் பின்னுள்ள பள்ளத்தில் ஓடும் நரம்பின் மேல் அடி விழுந்ததே அதற்குக் காரணம். அந்நெசவாளருக்குக் கெட்டிருந்ததும் அதே நரம்புதான்.

நரம்பிலுள்ள ஒவ்வோர் இழையும் ஓர் உயிரணுவின் நீண்ட வாலாகும். இடுப்புப் பகுதியில் தண்டுவடத்தை ஒட்டியுள்ள ஓர் உயிரணு, கண்ணுக்கே தெரியாத சிறுமையுடையது. அதன் இழையோ கால் பெருவிரல் வரையில் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் செல்கிறது. பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் நெருங்கி ஓடினாலும், ஒவ்வொன்றும் தனக்குரிய விழுதின் கண்ணிலேயே நுழைகிறது. அதுபோலவே ஒரு நரம்புக் கற்றையில் பல்லாயிரம் இழைகள் சேர்ந்து சென்றாலும், ஒவ்வொன்றும் தோலிலோ தசையிலோ தனக்குரிய இடத்தையே சென்றடைகிறது.

இவ்விழைகள் செய்யும் தொழில் மூவகைப்படும். தொடுதல், சூடு, குளிர், நோவு ஆகிய செய்திகளைத் தோலிலிருந்து மூளைக்குக் கொண்டுசெல்பவை ஒரு வகை. மூளையின் ஆணையைத் தசைக்குக் கொண்டுவருபவை இரண்டாம் வகை. வியர்வை சுரத்தல், இரத்தக் குழாய் சுருங்குதல் போன்ற, நம் விருப்பத்துக்கு உட்படாத செயல்களை நடத்துபவை மூன்றாம் வகை. ஆகவே ஒரு நரம்பு கெடின் உணர்ச்சி குன்றுவதோடு நில்லாது, தசை மெலியும். வியர்வையற்றுத் தோல் வறண்டு வெடிக்கும்.

செய்தி செல்லும் விதம்

தவளையின் கால் தசை மின்சாரம் பட்டுத் துடிப்பதை இத்தாலி தேசத்துக் கால்வானி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆராய்ந்து, 1791இல் வெளியிட்டார். நரம்புக்கும் மின்சாரத்துக்கும் உறவுண்டு என்பது அதனால் புலனாயிற்று. ஆயினும் நரம்பில் செய்தி செல்லும் வேகம் அளக்க வொண்ணாதது என்றே அறிஞர் பலர் கருதினர். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் தவளையின் நரம்பில் அதை அளந்து காட்டினார். நொடிக்கு ஏறக்குறைய 30 மீட்டர் என்று கண்டபோது, அது எவ்வளவு குறைவு என்று பலரும் வியந்தனர்.

கம்பியில் மின்சாரம் ஓடுவதுபோல் நரம்பில் ஓடுவதில்லை என்பதே இதன் பொருள். நரம்பிழையின் உள்ளே பொட்டாசியம் மிகுதி. வெளியே சோடியம் மிகுதி. இழையின் மெல்லிய உறைக்கு உள்ளும் புறமும் ஒரு வோல்ட்டில் ஏறத்தாழப் பதினான்கில் ஒரு பங்கு மின்னழுத்த வேற்றுமை எப்போதும் நிலவுகிறது. இழையின் ஓரிடம் தூண்டப்பட்டால் அவ்விடத்து உறையிலுள்ள நுண்ணிய வாயில்கள் திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது. உடனே பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்புகிறது. ஓரிடத்தில் இது நிகழ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கே போதும். ஓரிடத்து மாற்றம் அடுத்த இடத்து வாயில்களைத் திறக்கிறது. அது அதற்கடுத்த இடத்தை. வாய்க்கால் மதகுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே திறந்து மூடுவதுபோல இது நிகழ்கிறது எனலாம். இங்கிலாந்தைச் சேர்ந்த ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இருவர், கணவாய் மீனின் பருத்த நரம்பிழையைக் கொண்டு இதனை ஆராய்ந்து 1952இல் விளக்கினர். அதற்காக 1963இல் நோபல் பரிசு பெற்றனர்.

எல்லா இழைகளும் ஒரே வேகத்தில் இயங்குவதில்லை. கொழுப்பாலான உறை சுற்றிய பருத்த இழைகளில் செய்தி நொடிக்கு 50 முதல் 100 மீட்டருக்கு மேலும் விரைகிறது. உறையற்ற மெல்லிய இழைகளிலோ நொடிக்கு ஒரு மீட்டர் அளவே. வரப்பில் நடக்கையில் கல் இடறினால், இடித்தது முதலில் தெரிகிறது. ஒரு மூச்சு கழித்தே உள்ளெரிச்சலான நோவு வந்து சேர்கிறது. தொடுதலின் செய்தி விரைந்த பாதையிலும், அந்த நோவின் செய்தி மெதுவான பாதையிலும் வருவதே இதன் காரணம்.

இடைவெளியும் பூச்சிமருந்தும்

நரம்பிழை தசையை நேராகத் தொடுவதில்லை; இடையே மிக நுண்ணிய இடைவெளி ஒன்று உண்டு. அதைச் செய்தி எவ்வாறு கடக்கிறது? ஆஸ்திரியாவில் பணியாற்றிய ஓட்டோ லோவி 1921இல் இதற்கு விடை கண்டார். தவளையின் இதயம் இரண்டை எடுத்து, ஒன்றின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பை மெதுவாக்கினார். அவ்விதயம் கிடந்த நீரை மற்றதன் மேல் விட்டவுடன், நரம்பு தூண்டப்படாத அந்த இரண்டாவது இதயமும் மெதுவாகத் துடித்தது. நரம்பின் முனையிலிருந்து ஓர் இரசாயனப் பொருள் சுரந்து செய்தியைச் சேர்ப்பிக்கிறது என்பது இதனால் உறுதியாயிற்று. அசிட்டைல்கோலின் என்னும் அப்பொருளே நம் தசைகளுக்கும் ஆணையைச் சேர்ப்பிக்கிறது.

இங்கே விவசாய அங்கத்தினர்கள் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஆணை சேர்ந்தவுடன் அசிட்டைல்கோலின் அழிக்கப்பட வேண்டும். இன்றேல் தசை ஓயாமல் தூண்டப்படும். அதை அழிப்பதற்கென்றே ஒரு நொதி அங்கு இருக்கிறது. ஆர்கனோபாஸ்பரஸ் வகையைச் சேர்ந்த பூச்சிமருந்துகள் இந்த நொதியையே முடக்குகின்றன. பூச்சிகள் மடிவது இதனால்தான். மனிதர் மடிவதும் இதனால்தான். இவ்வகை மருந்தைத் தேடிய ஜெர்மானிய இரசாயன அறிஞர் ஷ்ரேடர் 1936இல் கண்டெடுத்த பொருள் ஒன்று, போருக்குரிய நச்சுவாயுவாகவே மாறிற்று என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் கொடுமை விளங்கும்.

இந்நஞ்சு வாய்வழியே மட்டுமன்றி, தோல் வழியேயும் மூச்சு வழியேயும் உட்புகும். காற்றுக்கு எதிரே நின்று தெளிப்பதும், வெறுங்கையால் கலக்குவதும், நனைந்த சட்டையோடு மாலைவரை இருப்பதும் நஞ்சை அழைப்பதற்கு ஒப்பாகும். வாயில் எச்சில் வழிதல், மிகுந்த வியர்வை, கண்ணின் பாவை ஊசிமுனையளவு சுருங்குதல், தசை துடித்தல், மூச்சுத் திணறல் ஆகியவை அறிகுறிகள். இவற்றைக் கண்டால் உடைகளைக் களைந்து, உடலைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். உதவுவோர் தம் கையில் நஞ்சு படாமல் காத்துக்கொள்ள வேண்டும். வாந்தி எடுக்கவைக்க முயலுதல் கூடாது. மருந்துப் புட்டியை அல்லது அதன் சீட்டை உடன் எடுத்துச் செல்லுதல் வேண்டும். எந்த நஞ்சு என அறிந்தால் மாற்றுமருந்து கொடுப்பது எளிதாகும். இவ்வகை நஞ்சுகளிற் சில, ஆள் பிழைத்தெழுந்து ஓரிரு வாரங்கள் சென்றபின் கால் நரம்புகளைத் தாக்கி நடையைக் கெடுப்பதும் உண்டு. ஆகவே வீடு திரும்பியபின் கால் தளர்ந்தால், அதைக் களைப்பென்று தள்ளிவிடலாகாது.

நசுங்கிய நரம்பும் அறுந்த நரம்பும்

நரம்புக்கு நேரும் கேட்டை மூன்று படிகளாக வகுத்துக் காட்டியவர் இங்கிலாந்து அறுவை மருத்துவர் செடன், ஆண்டு 1943. முதற்படியில் இழை அறுவதில்லை; அழுத்தத்தால் செய்தி மட்டும் தடைப்படுகிறது. அழுத்தம் நீங்கினால் சில நாட்களிலோ வாரங்களிலோ குணமாகும். இரண்டாம் படியில் உள்ளிழை அறுந்துவிடுகிறது. அதைச் சூழ்ந்த உறைக்குழாய் முழுமையாக இருக்கிறது. மூன்றாம் படியில் நரம்பு முழுவதுமே அறுந்துவிடுகிறது.

உயிரணுவிலிருந்து துண்டிக்கப்பட்ட இழை அழிந்துபோகும் என்பதை வாலர் என்னும் மருத்துவர் 1850இலேயே கண்டறிந்தார். ஆனால் கை கால்களிலுள்ள நரம்புக்கு ஓர் அரிய ஆற்றல் உண்டு. அறுந்த இடத்திலிருந்து இழை மறுபடியும் முளைத்து, பழைய உறைக்குழாயின் வழியே மெல்ல வளர்ந்து செல்கிறது. அதன் வேகம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். மாதத்துக்கு ஓர் அங்குலம். முழங்கையில் கெட்ட நரம்பு உள்ளங்கையின் சிறு தசைகளை மறுபடி அடைய 30 சென்டிமீட்டர் வளர வேண்டுமாயின், ஏறக்குறைய பத்து மாதங்களாகும். அதற்குள் தசை மெலிந்துகொண்டே இருக்கும். ஒன்று ஒன்றரை ஆண்டுக்குமேல் நரம்பின்றிக் கிடந்த தசை, பின்னர் நரம்பு வந்து சேரினும் பெரும்பாலும் பழைய வலிமை பெறுவதில்லை. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள இழைகளுக்கோ இவ்வாறு மீண்டு வளரும் ஆற்றல் இல்லையென்றே சொல்லலாம். மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் முறிந்தவர் நடையிழந்து போவது இதனால்தான்.

ஆகவே காலமே இங்கு முதல். கதிரரிவாள் மணிக்கட்டில் பட்டுவிட்டால் இரத்தத்தை நிறுத்தித் தோலைத் தைத்ததோடு அமைதல் போதாது. விரல்நுனிகளில் உணர்ச்சி இருக்கிறதா, விரல்கள் யாவும் அசைகின்றனவா என்று அன்றே பார்க்கவேண்டும். இல்லையெனில் மருத்துவரிடம் அதை எடுத்துச்சொல்லவேண்டும். அறுந்த நரம்பின் இருமுனைகளையும் இணைத்துத் தைக்கத்தக்க அறுவை இன்று உண்டு. அதை விரைவில் செய்தாலே பயன் மிகுதி.

வெட்டில்லாமலும் நரம்பு கெடும். நாற்று நடுவோரும் களை எடுப்போரும் நெடுநேரம் குந்தியிருப்பதால், முழங்காலின் வெளிப்புறத்தே எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு நசுங்குகிறது; எழுந்து நடக்கையில் பாதத்தின் முன்புறம் மேலெழாமல் தொங்கும். மணிக்கட்டை ஓயாமல் மடக்கி நிமிர்த்தி வேலை செய்வோருக்கு அங்குள்ள குறுகிய வழியில் நரம்பு நெருக்குண்டு, கட்டைவிரல் முதலான மூன்று விரல்கள் இரவில் மரத்து எரியும். அரைமணிக்கொருமுறை எழுந்து நின்று காலை நீட்டுதலும், மரத்த கையை உதறிவிட்டு வேலையைத் தொடராமல் சற்று ஓய்வளித்தலும் சிறு காரியங்களே. ஆயினும் முதற்படியில் நிற்கும் கேட்டை இரண்டாம் படிக்குச் செல்லாமல் காப்பவை அவையே.

வேலூரில் கண்ட உண்மை

நரம்புக்கேட்டின் தன்மையை உலகுக்கு உணர்த்திய ஆராய்ச்சிகளுள் ஒன்று நம் நாட்டிலேயே நடைபெற்றது. கொல்லிமலையில் ஆங்கிலேயச் சமயப் பணியாளருக்கு மகனாக 1914இல் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். லண்டனில் மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு செங்கற்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனையைக் காணச் சென்றவர், விரல் மடங்கிய நோயாளி ஒருவரிடம் தம் கையைப் பற்றச் சொன்னார். அவர் பற்றிய பிடி டாக்டருக்கே நோவெடுக்கும்படி அவ்வளவு வலிமையாக இருந்தது. கை செத்துவிடவில்லை, சில நரம்புகள் மட்டுமே கெட்டிருக்கின்றன, முன்கையில் நல்ல தசைகள் உள்ளன என்பது அவருக்கு விளங்கிற்று. அந்நல்ல தசையொன்றின் நாணை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவையை 1948இல் தொடங்கினார். 1955இல் வேலூரை அடுத்த கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது.

அவர் கண்ட மற்றோர் உண்மை இன்னும் பெரிது. தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் அழுகி உதிர்கின்றன என்று உலகம் நம்பியிருந்தது. பிராண்ட் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார். துருப்பிடித்த பூட்டொன்றைத் திறக்க இயலாமல் அவர் திகைத்தபோது, ஒரு சிறுவன் முன்வந்து சாவியை எளிதில் திருகிவிட்டான். அவனுடைய கையைப் பார்த்தால், சாவி அழுத்திய இடத்தில் தோல் கிழிந்து எலும்பு தெரிந்தது. அவன் அதை அறியவேயில்லை. இரவில் உறங்குகையில் எலி கடித்தும் விழிக்காதவர்கள் இருந்தனர். விரலைத் தின்றது நோய்க்கிருமி அன்று, நோவில்லாமையே. நோவு இருப்பவன் கொப்புளத்தின் மேல் காலூன்றமாட்டான். நொண்டி நடந்தேனும் அதைக் காப்பான். நோவற்றவன் அதன்மேலேயே நடந்து அதை எலும்புவரை ஆழமாக்குகிறான்.

தொழுநோய்க் கிருமியை நார்வே தேசத்து ஹான்சன் 1873இல் கண்டறிந்தார். அது உடலின் குளிர்ந்த பகுதிகளை விரும்புவது. தோலுக்கருகில் ஓடும் நரம்புகளைச் சுற்றியுள்ள உறையணுக்களில் குடிபுகுவது. மிக மெதுவாகப் பெருகுவதால், தொற்றி ஐந்தாண்டும் அதற்கு மேலும் கழித்தே வெளிப்படலாம். பெரும்பாலான மக்களுக்கு அதை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் கூட்டு மருந்து முறையை உலகச் சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. இன்று ஆரம்பச் சுகாதார நிலையத்தில் அது இலவசமாகக் கிடைக்கிறது. நோயின் வகைக்கேற்ப 6 மாதம் அல்லது 12 மாதம் உட்கொண்டால் நோய் தீரும். மருந்து தொடங்கியபின் மிக விரைவிலேயே பிறருக்குத் தொற்றும் தன்மையும் நீங்கிவிடுகிறது. நோயாளரை ஒதுக்கிவைத்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது; இந்நோயைக் காரணங்காட்டி மணவிலக்குக் கோரும் வழியும் 2019இல் அடைக்கப்பட்டது. ஆகவே வெளிறிய, உணர்ச்சியற்ற தேமலை மறைத்துவைக்க இனி ஒரு நியாயமும் இல்லை. நரம்பு கெடத் தொடங்கி ஆறு மாதத்துக்குள் வந்தால், வீக்கத்தைத் தணிக்கும் மருந்தால் அதை மீட்கப் பெரிதும் வாய்ப்புண்டு. அதற்குமேல் வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும்.

காலில் தொடங்கும் கேடு

மரத்துப்போதல் என்றால் தொழுநோய் என்று அஞ்சவேண்டியதில்லை. இன்று நம் அங்கத்தினரிடையே மிகுந்து காணப்படுவது நீரிழிவினால் வரும் நரம்புக்கேடு. இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் நரம்பிழைகளும் அவற்றுக்கு உணவூட்டும் நுண்குழாய்களும் நலிகின்றன. நீளமான இழைகளே முதலில் நலிவதால், கேடு இரு கால்விரல்களில் தொடங்கி மேலேறுகிறது. சிலருக்கு எரிச்சல் தோன்றும். சிலருக்கு ஒன்றுமே தோன்றாமல் உணர்ச்சி மட்டும் மங்கும். குழித்தறியில் வெறுங்காலால் மிதிக்கட்டையை மிதிப்பவரும், வெறுங்காலோடு சேற்றிலும் முள்ளிலும் நடப்பவரும் இவ்வகையில் இருமடங்கு எச்சரிக்கையாக இருக்கவேண்டியவர்கள். மிதமிஞ்சிய மதுவும், பி-12 என்னும் உயிர்ச்சத்தின் குறைவும்கூட நரம்பைக் கெடுக்கும். இச்சத்து பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் உண்டு.

நரம்புணர்ச்சியை மருத்துவர்கள் சோதிக்கும் கருவி, நெசவாளர்க்கு உறவுடையதே. அது ஒரு சிறு நைலான் இழை. உள்ளங்காலில் செங்குத்தாக வைத்து அழுத்தினால், 10 கிராம் விசையில் அது வளையும்படி செய்யப்பட்டிருக்கிறது. அவ்வளவு அழுத்தியும் தொட்டதை உணராத பாதம், புண்படக் காத்திருக்கும் பாதம் ஆகும்.

நாமே செய்யத்தக்கவை

கண்ணை மூடிக்கொண்டு, வீட்டார் ஒருவரை விரல்நுனிகளிலும் உள்ளங்காலிலும் இறகாலோ பஞ்சாலோ தொடச் சொல்லித் தொட்ட இடத்தைக் காட்டிப் பார்க்கலாம். விரல்களை நேராக நீட்டிச் சேர்க்க இயலுகிறதா, கட்டைவிரல் சுண்டுவிரலின் நுனியைத் தொடுகிறதா, குதிகாலை ஊன்றிப் பாதத்தின் முன்புறத்தை உயர்த்த முடிகிறதா, கண்ணிமை முழுவதும் மூடுகிறதா என்று பார்க்கலாம். இவற்றில் ஏதேனும் குறையிருப்பின், அல்லது இரு கைகளுக்கிடையே வேற்றுமை இருப்பின், மருத்துவரைக் காணவேண்டும்.

உணர்ச்சி ஏற்கெனவே குறைந்தவர்கள், நோவு செய்த வேலையைக் கண்ணால் செய்யப் பழகவேண்டும். இரவில் உறங்குமுன் கை கால்களை விளக்கொளியில் பார்த்தல், சூட்டை முழங்கையின் மேற்புறத்தால் அறிந்தபின் தொடுதல், பாத்திரத்தைத் துணியால் பற்றுதல், மெத்தென்ற உட்பரப்புள்ள செருப்பணிதல், வறண்ட தோலை நீரில் ஊறவைத்து எண்ணெய் தடவுதல் ஆகியவை அவர்களுக்கு நாள்தோறும் உரிய கடமைகள். சிறு புண்ணாயினும் ஆறும்வரை அக்காலுக்கு ஓய்வளிக்க வேண்டும்.

சங்க நிர்வாகக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். உற்பத்தி குறைந்த அங்கத்தினருக்குக் கடிதம் எழுதுமுன், யாரேனும் ஒருவர் அவருடைய தறிக்கோ வயலுக்கோ சென்று அவர் கையைப் பாருங்கள். பொதுக்குழு கூடும் நாளில், சுகாதார நிலையத்தாரை அழைத்து அங்கத்தினர் யாவருடைய கை கால்களையும் பார்க்கச் செய்யுங்கள். தெளிப்பான் வாடகைக்கு விடும் சங்கங்கள், கையுறையும் முகத்திரையும் சேர்த்தே கொடுங்கள். இவற்றுக்காகும் செலவு, ஒரு வாராக்கடனைத் தள்ளுபடி செய்வதைவிடக் குறைவு.

முதலில் குறிப்பிட்ட அங்கத்தினருக்கு மருத்துவமனையில் தொழுநோய் என்றே கண்டனர். 12 மாதம் மருந்துண்டு நோய் நீங்கினார். மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்தினர். மறுபடியும் தறியில் அமர்ந்து மாதம் ஏழு சேலை நெய்கிறார். அறுந்த இழையைப் பிணைக்க மட்டும் இடக்கையைப் பழக்கிக்கொண்டார். சுண்டுவிரலில் உணர்ச்சி திரும்பவில்லை. நான் முதலில் அவர் கணக்கைப் பார்த்த நாளில் அவ்விரல் கெடத் தொடங்கி நான்கு மாதமே ஆகியிருந்தது. அன்று தறிவரை நடந்து சென்றிருந்தால், ஆறு மாதக் கெடுவில் இரண்டு மாதம் மிச்சமிருந்தது. சங்கத்தின் பழைய கோப்பில் என் கையெழுத்தோடு "ஊக்கக் குறைவு" என்ற குறிப்பு இன்றும் இருக்கிறது. அதன் கீழே, "தவறு, நரம்புக்கேடு" என்று திருத்தி எழுதித் தேதியிட்டேன். கணக்கில் நேர்ந்த பிழையை அவ்வாறு திருத்தலாம். விரலில் நேர்ந்ததைத் திருத்த வழியில்லை.